வேற கதை

உட்காருவதற்கே ஒரு திட்டம் வேண்டியிருந்தது கோமதிநாயகத்துக்கு. முதலில் பெஞ்சின் கைப்பிடி, அப்புறம் வலது தொடை, அப்புறம் இடது, கடைசியாகத்தான் முதுகு, அதுவும் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டின் சம்மதத்தோடு. கோவில்பட்டி தீயணைப்பு நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம், வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து தாவி ஏறிய ஆள். பெரியாஸ்பத்திரி ரத்தநோய்ப் பிரிவு வராந்தாவில் ஒரு இரும்புப் பெஞ்சில் உட்கார இப்போது நாலு கட்டளை போட வேண்டியிருக்கிறது. போட்டு, உட்கார்ந்தும் ஆகிவிட்டது. கையில் டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே போயிருப்பது முப்பத்துமூன்று. நடுவில் ஏழு பேர். ஏழு பேர் போய் வருவதற்குள் ஒரே ஒரு வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த வாக்கியத்தைக் காலையில் சவரம் செய்யும்போதே தயார் செய்துவிட்டார். டாக்டரம்மா, நான் கிணத்துல விழல, தும்முனேன். சின்ன வாக்கியம். சட்டைப்பையில் போட்டாலும் கனக்காது. ஆனால் பஸ் கயத்தாறு தாண்டுவதற்குள்ளேயே அதற்கு ஒரு வால் முளைத்திருந்தது: ஆனா அது சாதாரணத் தும்மல் இல்ல டாக்டரம்மா. வாலை வெட்டினார். கங்கைகொண்டானில் ஒரு கொம்பு முளைத்தது: அந்தத் தும்மல்ல பக்கத்து வீட்டு ஓடு ரெண்டு நகண்டுபோச்சு. கொம்பையும் ஒடித்தார். அவர் வாய் அப்படி. எந்த விதையைப் போட்டாலும் ஆலமரமாக்கித் தரும். மரம் வளர்ப்பதில் அறுபத்தேழு வயசு வரைக்கும் ஒரு நஷ்டமும் வந்ததில்லை, இந்த ஆடி மாசம் வரைக்கும்.

ஆடி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருக்கும். பெண்டாட்டி செண்பகம் அடுப்பில் மிளகாய் வத்தல் வறுத்துக்கொண்டிருந்தாள். அவர் அடுக்களை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். காந்தல் நெடி மூக்கில் ஏறியது. ஒரு தும்மல், சரி. ரெண்டாவது தும்மல், சரி. மூணாவது தும்மலில் முதுகுக்குள் ஏதோ டக்கென்றது. காய்ந்த விறகைத் தொடையில் வைத்து ஒடித்தால் வருமே, அந்தச் சத்தம். வலி உடனே வரவில்லை, அதுதான் ஆச்சரியம். முதலில் செண்பகத்தின் முகம்தான் திரும்பியது. "என்னங்க அது சத்தம்?" என்றாள், ஏதோ பாத்திரம் விழுந்ததுபோல. அப்புறம்தான் வலி வந்தது, நிதானமாக, இடம் பார்த்து. அவள் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவைக் கூட்டி வந்தாள். ஆட்டோக்காரன் அரிராமன், தெருக்காரன்தான், அவரைக் கைத்தாங்கலாக ஏற்றும்போது கேட்டான், "அண்ணாச்சி, என்ன ஆச்சு?" அங்கேதான் தப்பு நடந்தது. ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் தும்மல் என்று சொல்லியிருக்கலாம். எரிகிற மாடியில் ஏணி போட்டு ஏறியவன், பாழுங்கிணற்றில் கயிறு கட்டி இறங்கி எருமையைத் தூக்கியவன், மூணு வத்தலுக்கு முதுகை ஒடித்துக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது? வாய் திறந்தது. "ஒரு ஆட்டுக்குட்டிடே," என்றது வாய். "கிணத்துல விழுந்து கத்திக்கிட்டுக் கிடந்துச்சு." அரிராமன் வண்டியை எடுப்பதற்குள் கிணற்றுக்குப் படி இல்லாமல் போனது. ரயில்வே கேட்டில் நின்றபோது ஆட்டுக்குட்டி கன்றுக்குட்டியானது. ஆஸ்பத்திரியில் இறங்கும்போது கயிறு அறுந்து, அவர் கன்றைத் தோளில் போட்டபடி பன்னிரண்டடி கீழே விழுந்து, அப்போதும் கன்றைக் கைவிடாமல் இருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்த செண்பகம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

முப்பத்துநாலு உள்ளே போனது. கன்றுக்குட்டியோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அரிராமனுக்கு வாய் அவரைவிட நீளம். பத்து நாளில் தெரு நலச் சங்கம் கூடி, பெருமாள் கோயில் முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றும் ஓயாத வீரரே என்று கொட்டை எழுத்து. கீழே அவருடைய பழைய காக்கிச்சட்டைப் படம், பக்கத்தில் எங்கிருந்தோ எடுத்துப்போட்ட ஒரு வெள்ளைக்காரக் கன்றுக்குட்டி, கறுப்பும் வெள்ளையுமாக, கழுத்தில் மணியோடு. பொன்னாடை போர்த்த வந்தபோது அவரால் குனிய முடியவில்லை. பார் பார், வீரன் தலைகுனியமாட்டான் என்று அதற்கும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் காதில் இனித்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அதே வாரம் இங்கே, இதே கதவுக்குள்ளே, டாக்டர் பர்வீன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னாள். அஞ்சு வருஷமாக அவரைப் பார்க்கிற டாக்டர். வெள்ளை அணு கூடுதலாக இருக்கிறது, நாள்பட்ட வகை, ரத்தப் புற்றுநோய்தான், ஆனால் மெதுவாக நடக்கிற ஜாதி, இப்போதைக்கு மருந்து வேண்டாம், மூணு மாசத்துக்கு ஒருதரம் வாங்க, பார்த்துக்கொண்டே இருப்போம் என்று முதல் நாளே தண்ணீர்போலச் சொன்னவள். எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு மிதிபட்ட மண்சட்டிபோல அமுங்கியிருந்தது. "நிஜமாவே பன்னிரண்டடி விழுந்தீங்களாய்யா?" என்று கேட்டாள். "விழுந்ததுனாலதான் ஒடிஞ்சிருக்குன்னா சரி. பெல்ட் போடுங்க, மாத்திரை சாப்பிடுங்க, ஆறு வாரத்துல கூடிடும். விழாம ஒடிஞ்சிருந்தா அது வேற கதை." வேற கதை. டாக்டர்களும் அந்த வார்த்தையைச் சொல்கிறார்கள். வாழ்நாள் முழுக்க அவர் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை, வேற கதை இருக்கா அண்ணாச்சி என்று டீக்கடையில் நாலு பேர் கேட்டால் அன்றைக்கெல்லாம் அவருக்குப் பசிக்காது. அன்றைக்கு முதல்முறையாக அதைக் கேட்க அவருக்குப் பிடிக்கவில்லை. "விழுந்தேன் டாக்டரம்மா," என்றார். "பதினஞ்சடி இருக்கும்." அவள் எழுதிக்கொண்டாள். அவள் பேனா ஓடிய சத்தம் இப்போதும் கேட்கிறது. இவர் இழுத்துவிட்ட மூணடியும் சேர்ந்து அந்தக் காகிதத்தில் ஏறிவிட்டது.

முப்பத்தைந்து, முப்பத்தாறு, புருஷனும் பெண்டாட்டியுமாக ஒன்றாகவே போனார்கள், ஒருவேளை ரெண்டு பேருக்கும் இருக்குமோ, சே, இருக்காது, டோக்கனைத்தான் ரெண்டு எடுத்திருப்பார்கள். மூச்சை இழுத்தால் இடது பக்கம் குத்துகிறது. இதுதான் செண்பகத்துக்கும் தெரியாத சங்கதி. மூணு நாள் முன்பு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி செருப்பை எடுக்கப் பக்கவாட்டில் சாய்ந்தார். சாய்ந்ததுதான். விலா எலும்பில் ஒன்று நறுக்கென்றது. தும்மல்கூட இல்லை. ஒரு செருப்பு. பாத்ரூம் செருப்பு. அப்படியே உட்கார்ந்திருந்தார், சத்தம் போடாமல், சுவரில் காலண்டர் முருகனைப் பார்த்துக்கொண்டு. உள்ளே ஒரு வேடிக்கை நடந்தது. வழக்கம்போல வாய் ஒரு கதையைத் தேடிக் கிளம்பியது. பாம்பு? மாட்டு வண்டி? கழன்ற ஏணி? தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பி வந்தது. செருப்புக்கு எந்தக் கிணற்றைத் தோண்டுவது? அன்றைக்குத்தான் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. நெருப்புக்குப் பயந்ததில்லை. நெருப்பு வெளியே இருக்கும், கண்ணுக்குத் தெரியும், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து நிற்கலாம். இது உள்ளே. ரத்தத்தில் வந்த வியாதி ரத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும், எலும்புக்கும் அதற்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்றுதான் அஞ்சு வருஷமாக நினைத்திருந்தார். ரத்தம் உருவாவதே எலும்புக்குள்ளேதான் என்று டாக்டர் முதல் தடவையே சொன்னாள். அவர்தான், இதயத்தில் என்றல்லவா நினைத்தேன் என்று ஜோக்கடித்துச் சிரிக்க வைத்துவிட்டு வந்தார். இப்போது யோசித்தால் சிரிப்பு வரவில்லை. கோவில்பட்டிக்காரனுக்கு இதைப் புரிந்துகொள்ள டாக்டர் எதற்கு? தீப்பெட்டி. ஐம்பது குச்சி அடைக்கிற பெட்டியில் நூறு, இருநூறு என்று திணித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? லேபிள் அப்படியே பளபளவென்று இருக்கும். மூலையில் மட்டும் பெட்டி விரியும். அப்புறம் ஒருநாள் யாரோ லேசாகத் தொட்டால் போதும். அவருக்குள் எத்தனை பெட்டி? எண்ண வேண்டாம். எண்ணினால் முதுகிலிருந்து ஆரம்பித்து இடுப்பு, தொடை என்று கை கீழே கீழே போகிறது. தொடை ஒடிந்தால் படுக்கைதான். படுத்தால் செண்பகம்தான் தூக்க வேண்டும். அவள் எடை நாற்பத்தெட்டுக் கிலோ. வேண்டாம். சொல்லிவிட வேண்டும். இன்றைக்கே. டாக்டரம்மா, நான் கிணத்துல விழல.

"பெல்ட் போட்டிருக்கீங்களே, என்ன அண்ணாச்சி, விழுந்துட்டீங்களா?" பக்கத்தில் புதிதாக வந்து உட்கார்ந்தவர் கேட்டார். சங்கரன்கோவில் பக்கம், ஜவுளிக்கடைப் பை, மடியில் எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலம், பேச்சுத் துணை தேடுகிற முகம். இல்லை என்று சொல்ல வேண்டும். தலையைக்கூட அந்தப் பக்கம் ஆட்டத் தொடங்கிவிட்டார். ஆனால் அந்த மனிதர் முகத்தை அப்படி ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டுக்கு இலை விரித்த மாதிரி. இலையைப் பார்த்தால் பரிமாறாமல் இருக்க முடிகிறதா? "அதை ஏன் கேக்கீக," என்று ஆரம்பித்தது வாய். அவர் வேண்டாம் வேண்டாம் என்று உள்ளே ஓடி வருவதற்குள் வாய் கிணற்றங்கரைக்குப் போய்விட்டது. கிணறு இருபதடியானது. மழை பெய்தது. ஊரே சுற்றி நின்று ஐயோ ஐயோ என்றது. ஒரு கிழவி காலில் விழுந்து, சாமி, என் சீதேவியைக் காப்பாத்து என்றாள். கன்றுக்குப் பெயர் வைத்ததே இன்றைக்குத்தான். "தோள்ல போட்டுக்கிட்டு ஏறுதேன். பாதிக் கிணத்துல கயிறு அறுந்துட்டு. நான் கீழ, அது மேல. விழுந்த வேகத்துல தண்ணி வெளிய தெறிச்சு ரெண்டு வாழை நனைஞ்சுபோச்சுன்னா பாத்துக்கிடுங்க." சங்கரன்கோவில்காரர் பொட்டலத்தை மறந்து வாயைப் பிளந்தார். "கன்னுக்குட்டி பிழைச்சுதா?" "பிழைச்சு, இப்ப ரெண்டு வேளையும் மூணு லிட்டர் பால்." மறுபக்கம் உட்கார்ந்திருந்த செண்பகம் அதுவரை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்திருந்தாள். முகத்தைத் திருப்பாமலே சொன்னாள்: "ஆடியில விழுந்த கன்னு ஐப்பசியில பால் குடுக்கு. நல்ல ஜாதி மாடுதான்." சங்கரன்கோவில்காரர் சிரித்தார். கோமதிநாயகமும் சிரித்தார். சிரித்த வேகத்தில் விலா குத்தி, சிரிப்பு பாதியில் நின்றது. செண்பகம் அப்போதுதான் திரும்பினாள். அவர் கை தன்னையறியாமல் இடது பக்கத்தைப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "அங்க என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல." "அங்கயும் கன்னுக்குட்டி விழுந்துச்சாக்கும்," என்றாள். குரல் உயரவில்லை. கண்தான் நிறைந்துவிட்டது. "நீங்க யாருகிட்ட வேணாலும் எதை வேணாலும் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லாட்டாலும் போவுது. உள்ள இருக்குதவ கிட்டச் சொல்லுங்க. அவ எழுதுததுதானே மருந்தாயிருக்கு." ஃபைலின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அவருக்கு வேறொரு வாசல் ஞாபகத்தில் வந்து நின்றது. இளையரசனேந்தல் ரோட்டில் ஒரு கிட்டங்கி, சரக்குக் குடோன், தொண்ணூற்று மூணோ நாலோ. கதவிடுக்கில் புகை. வண்டி நின்றதும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உள்ளே என்ன இருக்கு? தண்ணீரா, நுரையா, மண்ணா என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது. கிட்டங்கிக்காரர், பெரிய மனுஷன், பட்டுக்கரை வேட்டி, வியர்த்து வழிந்துகொண்டு சொன்னார், "வெறும் அட்டைப்பெட்டிதான் சார்." கேட்டதை நம்பி, கூட வேலை பார்த்த இசக்கிமுத்து ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை உதைத்தான். உள்ளே இருந்தது அட்டைப்பெட்டி இல்லை. லைசென்ஸ் இல்லாமல் அடுக்கிவைத்த தீக்குச்சி மருந்துச் சாக்கு. இசக்கியின் ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் போய்விட்டது. கை இருந்தது, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அகப்பைபோல. அந்தப் பெரிய மனுஷனை கோமதிநாயகம்தான் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நிறுத்தினார். ஏம்வே சொல்லல, ஏம்வே சொல்லல என்று கேட்டார். அந்த ஆள் அழுதுகொண்டே சொன்ன பதில் இவ்வளவு வருஷம் கழித்து இந்தப் பெஞ்சில் வந்து பக்கத்தில் உட்காருகிறது: "கேவலமா இருந்துச்சு சார்." கேவலமாக இருந்ததாம். அன்றைக்கு அந்தப் பதிலைக் கேட்டு இன்னும் ஒரு அறை விட்டார். இப்போது அந்த அறை எங்கே விழ வேண்டும்? கதவுக்கு வெளியே பட்டுக்கரை வேட்டியோடு நிற்பது யார்? உள்ளே ஒரு பெண் கை நீட்டி, உள்ளே என்ன இருக்கு என்று கேட்கிறாள், வெறும் கன்றுக்குட்டிதான் என்கிறது ஒரு வாய். விரல்கள் ஒட்டிப்போகப்போவது அவளுக்கில்லை, தனக்கு, அப்புறம் நாற்பத்தெட்டுக் கிலோவுக்கு. ஆயிரம் கதை சொன்னவர்தான். ஆனால் நிலையத்து ரிப்போர்ட்டில் ஒருநாளும் ஒரு பொய் எழுதியதில்லை. வெளியே வந்து எரிந்தது ஏழு மாடி என்று அளப்பார். உள்ளே நோட்டில் ஓலைக்குடிசை ஒன்று என்றுதான் இருக்கும். அப்படியென்றால் இந்த வாயிடம் ஏன் வேலையைக் கொடுக்கிறோம்? வாய்க்கு இன்றைக்கு லீவு. ரிப்போர்ட் எழுதுகிற கை பேசட்டும். நாள். நேரம். இடம். காரணம். நாலே வரி. நாலு கட்டளையில் உட்கார்ந்தவன் நாலு வரியில் பேசமாட்டானா? நாற்பது வெளியே வந்தது. நாற்பத்தொன்று, கோமதிநாயகம் என்று கூப்பிட்டார்கள். எழுந்திருக்க ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

டாக்டர் பர்வீன் நிமிர்ந்து, "வாங்கய்யா, கிணத்து வீரரே," என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் இன்னொரு மூணு மாசம் ஓடிவிடும். அவர் உட்காரவில்லை. நின்றபடியே, மேலதிகாரி முன்னால் நிற்கிற மாதிரி கையை இறக்கிவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார். "நாள், ஆடி மாசம் பத்தாந்தேதி, செவ்வாய். நேரம், காலை பதினொண்ணு. இடம், வீட்டு அடுக்களை வாசல். காரணம், தும்மல்." டாக்டருக்குப் புரியவில்லை. "என்னய்யா தும்மல்?" "முதுகு ஒடிஞ்சதுக்கு." "கன்னுக்குட்டியத் தூக்கும்போது தும்முனீங்களா?" "கன்னுக்குட்டியே கிடையாது." "கிணறு?" "கிணறு இருக்கு. நான் அதுல விழல." அவள் சிரிக்கத் தொடங்கினாள், இதுவும் அவருடைய வேலைதான் என்று. செண்பகத்தைப் பார்த்தாள். செண்பகம், சொல்ல வேண்டியது அவர்தான் என்பதுபோல, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது: கிணற்றை எல்லோரும் உடனே நம்பினார்கள், தும்மலை யாரும் நம்பமாட்டார்கள். இதற்குக் கதை கட்ட முடியாது. கட்டினால் போய்விடும். "சின்ன விஷயம்தான் டாக்டரம்மா," என்றார் மெதுவாக. "வத்தல் நெடி. மூணு தும்மல். மூணாவதுல டக்குன்னு கேட்டுச்சு. சொல்லக் கேவலமா இருந்துச்சு. அதான் கிணறு. ரெண்டாவது ஒண்ணு இருக்கு. போன வெள்ளிக்கிழமை, காலை ஆறரை, கட்டில்ல உக்காந்து செருப்பை எடுக்கச் சாஞ்சேன். இந்த இடம்." விரலால் தொட்டுக் காட்டினார். பின்னால் செண்பகம் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. டாக்டரின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எழுந்து வந்து அந்த இடத்தில் ரெண்டு விரல் வைத்து லேசாக அழுத்தினாள். அவர் பல்லைக் கடித்தார். அவள் திரும்பிப் போய் பழைய பக்கத்தைப் புரட்டி, தான் எழுதியிருந்ததை நீளமாக ஒரே கோட்டில் அடித்தாள்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்யா," என்றாள். கோபமில்லை, வேலை ஆரம்பித்துவிட்ட குரல். "ரத்தத்துல எண்ணிக்கை மெதுவா ஏறுதுன்னா எலும்பு சும்மா இருக்குன்னு அர்த்தமில்ல. மஜ்ஜைக்குள்ள அந்த அணுக்கள் நெருக்கியடிச்சா எலும்பு கட்டுறது குறையும், கரையுறது கூடும். சிலருக்குத்தான் இவ்வளவு தூரம் போகும். அதனால வேற ஏதாவது சேர்ந்திருக்கான்னும் பார்க்கணும். ஸ்கேன், எலும்பு அடர்த்தி, கால்சியம், வைட்டமின் டி, மஜ்ஜை டெஸ்ட். பார்த்துட்டு, எலும்புக்கு ஊசி போடணுமா, வியாதிக்கே மருந்து ஆரம்பிக்கணுமான்னு முடிவு பண்ணுவோம். கஷ்டம்தான். ஆனா வழி இருக்கு." அவர் கேட்டுக்கொண்டார். ஊசி, மஜ்ஜை, ஸ்கேன், ஒவ்வொன்றாக, வண்டியில் ஏற்றுகிற சாமான்களை எண்ணுகிற மாதிரி. பயம் போகவில்லை. ஆனால் இப்போது அது வெளியே வந்து நின்றது. காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கலாம். "எங்கிட்ட மூணு நாளா சொல்லல, பாத்தீங்களாம்மா," என்றாள் செண்பகம். "வீட்டுக்குப் போயி திட்டிக்கோங்க," என்றாள் டாக்டர். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, "உயரம் பாரும்மா. முதுகெலும்பு அமுங்கியிருந்தா உயரம் குறைஞ்சிருக்கும்," என்றாள். முதல் தடவை வந்தபோது எழுதியது நூற்று எழுபத்திரண்டு. சுவரோரம் அளவுகோல் போட்ட கம்பம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். தலைக்கு மேலே பலகை இறங்கி வருவதைக் கடைக்கண்ணால் பார்த்தபோது, யாரும் சொல்லாமலே குதிகால் ரெண்டும் தரையைவிட்டு எழும்பிக்கொண்டிருந்தது. உள்ளங்கால் வரைக்கும் அந்த வாய் ஓடியிருக்கிறது போலிருக்கு. பொறு, என்றார் தனக்குள். ஒவ்வொன்றாக இறக்கினார், இடது குதிகால், வலது குதிகால், குளிர்ந்த இரும்பில் முழுப் பாதமும் பதியும்வரை. பலகை தலையில் தட்டியது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள், வயசான மனுஷர் என்று இரக்கப்பட்டாளோ என்னவோ, "நூத்தி அறுபத்தேழரை மேடம்," என்றாள். டாக்டர் எழுதப் போனாள்.

"அந்த அரை வேண்டாம்மா," என்றார் கோமதிநாயகம், கம்பத்தைவிட்டு அசையாமல். "இன்னொரு தரம் சரியாப் பாரு."